வேனில் இருந்த மருந்துச்சீட்டு

ஆகஸ்ட் 11, திங்கள், காலை 10.20. பெண் குழந்தை, நான்கு வயது, எடை பதின்மூன்று கிலோ. மூன்று நாள் காய்ச்சல், சளி, இருமல். காய்ச்சல் 102.4. மூச்சு நிமிடத்துக்கு 44. நெஞ்சின் இரு புறமும் இழுப்புச் சத்தம். எக்ஸ்ரேயில் நிமோனியாத் திட்டு இல்லை. இரத்தம் கல்ச்சருக்கு எடுக்கப்பட்டது. 11.00 மணிக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி, முதல் தவணை.

ஆகஸ்ட் 12, செவ்வாய். காய்ச்சல் 101. கஞ்சி குடித்தாள். ஊசி இரண்டு வேளை.

ஆகஸ்ட் 13, புதன், காலை 11.15. நாற்பத்தெட்டு மணி நேரம் நிறைவு. கல்ச்சரில் கிருமி வளரவில்லை. காய்ச்சல் 99.6. மூச்சு 30. கட்டிலில் உட்கார்ந்து விளையாடுகிறாள். ஊசி நிறுத்தப்பட்டது. மூத்த ஆலோசகர் கையொப்பம்.

அதே நாள், மாலை 6.00. காய்ச்சல் 102.6.

ஆகஸ்ட் 14, வியாழன், காலை 5.30. இரவு முதல் ஐந்து முறை நீராக வயிற்றுப்போக்கு. காய்ச்சல் 102. நாடித்துடிப்பு 158. சோர்ந்து கிடக்கிறாள். மூத்த ஆலோசகருக்குத் தொலைபேசியில் தகவல்.

நோயாளிக் குறிப்பேட்டில் உள்ள வரிகளை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். அந்த மூத்த ஆலோசகர் நான்.

சிவகாசியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குழந்தைகளுக்கான கிளினிக் வைத்திருந்தேன். அதை மூடிவிட்டு விருதுநகருக்குக் குடிவந்த மூன்றாம் ஆண்டில் என் மனைவி இறந்தாள். அதன் பிறகு, இங்குள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு நாள்தோறும் காலை பதினொரு மணிக்குப் போய்வருகிறேன். எனக்கு அங்கே இருப்பது ஒரே வேலை. காய்ச்சலோடு வரும் குழந்தைக்குச் சந்தேகத்தின் பேரில் ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட்டிருந்தால், நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து, குறிப்பேட்டில் அந்த மருந்துக்கென்று வைத்திருக்கும் மஞ்சள் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். எதற்குப் பயந்து தொடங்கினோம், அந்தப் பயத்துக்கு இன்னும் ஆதாரம் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் தொடர்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் மருந்தை நிறுத்திக் கையெழுத்திட வேண்டும்.

அந்த மஞ்சள் தாளை உண்டாக்கியவர் வார்டின் பொறுப்பு மருத்துவர். முப்பதுகளில் இருக்கும் பெண். என்னை ஏன் கூப்பிட்டார் என்பதை முதல் நாளே மறைக்காமல் சொன்னார்.

“சார், நாங்க நிறுத்தினா பெத்தவங்க சண்டைக்கு வராங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. இங்க வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேரோட அப்பா அம்மாவே சின்ன வயசுல உங்ககிட்ட ஊசி போட்டவங்கதான்.”

அது உண்மை. என் கிளினிக் காலை ஐந்தரை மணிக்குத் திறக்கும். பட்டாசு ஆலை வேன்கள் ஆறரைக்குள் தெருமுனைக்கு வந்துவிடும் என்பதால் அந்த நேரம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை மறு கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் வரிசையில் நிற்பார்கள். தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டதும் வரிசை கலையத் தொடங்கும். “ஒரு ஊசியப் போட்டு விடுங்க சார், வேன் வந்துருச்சு” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கதவருகே வருவார்கள். பிள்ளையை நாளைக்கு மறுபடி கொண்டுவந்து காட்டு என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. நாளைக்கும் வேன் வரும். ஆகவே எது காய்ச்சலாக இருந்தாலும் எல்லாவற்றையும் அடக்கும் மருந்து எதுவோ அதை எழுதினேன். பெரும்பாலான காய்ச்சல்கள் தாமாகவே மூன்றாம் நாள் விட்டுப் போகிறவை. விட்டுப் போனபோதெல்லாம் பெயர் எனக்கு வந்தது. கைராசி டாக்டர் என்றார்கள். அந்தச் சொல்லை நான் மறுத்ததில்லை.

புதன்கிழமை ஊசியை நிறுத்தியபோது அந்தக் குழந்தையின் தாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டாசு ஆலையில் வேலை. நான்கு நாள் லீவு சொல்லியிருந்தார். மூத்த மகனுக்கு ஏழு வயதில் கடும் நிமோனியா வந்தபோது நான்தான் பார்த்தேன் என்று திங்கட்கிழமையே சொல்லியிருந்தார். எனக்கு நினைவில்லை.

“ஊசிய நிப்பாட்டாதீக சார். ஊசி போட்டப்புறந்தான் பிள்ள கண்ணு முழிச்சுப் பாத்தா.”

“இது வைரஸ் காய்ச்சல்மா. இந்த ஊசி அதுக்குக் கேக்காது.”

“கேக்காட்டியும் போட்டு வைங்க. போட்டா என்ன கொறஞ்சா போகும்?”

வார்டு சிஸ்டர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட அதிகம் பேசத் தெரிந்தவர். “ஏம்மா, சிவகாசியில சார் போடாத ஊசியா? அவகளே வேண்டாங்கிறாக, கேட்டுக்கோ” என்றார். சுற்றிலும் இருந்த தாய்மார் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தொலைபேசி வந்தது. பொறுப்பு மருத்துவரின் குரல் தாழ்ந்திருந்தது. “சார், நேத்து நாம நிறுத்தின பிள்ள. சாயங்காலமே காய்ச்சல் ஏறிச்சு. இப்ப எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்குறா. திரும்ப ஆரம்பிச்சிரட்டுமா?”

அவர் ‘நாம’ என்றார். தாளில் இருந்தது என் ஒருவனின் கையெழுத்து.

“வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதற்குள் குளுக்கோஸ் லைன் போடுங்கள்” என்றேன். சட்டையின் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பிற்பகலில்தான் அதைக் கவனித்தேன். ஆட்டோ மதுரை சாலையைத் தாண்டும்போது ஆலை வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. தீபாவளிப் பட்டாசு சீசன் நேரம். ஒவ்வொரு வேனிலும் ஜன்னலோரம் தலைகள் தூக்கத்தில் ஆடின. முப்பத்திரண்டு ஆண்டுகள் கேட்ட அந்த ஹாரன் சத்தம் வந்ததும் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். என் அறிவு அப்போது ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. செப்சிஸ். கிருமி இரத்தத்தில் ஏறிவிட்ட நிலை. இந்தக் குழந்தை அப்படிப் போய்விட்டால், அதைத் தடுத்திருக்கக்கூடிய ஊசியை நிறுத்தியவன் நான்.

மருந்தைக் கொடுத்துத் தவறு செய்தவனுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. கொடுக்காமல் விட்டவனை ஊரே அறியும். இதை நான் தொழிலின் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். மீதி முப்பத்தோரு ஆண்டுகளும் அந்தப் பாடத்தின்படியே நடந்தேன்.

குழந்தை தாயின் மடியில் கழுத்துத் துவண்டு கிடந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. நாக்கு காய்ந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் இறங்கியது. நாடியை எண்ணினேன், 160. மறுபடி எண்ணினேன், 148. மூன்றாம் முறை எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். என் விரல் நுனியில் துடித்தது அவளுடையதா என்னுடையதா என்று எனக்கே உறுதியில்லை. பொறுப்பு மருத்துவர் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். 156.

நான் பேனாவைத் திறந்து ஊசியை மறுபடி தொடங்கும் உத்தரவை எழுதினேன். மருந்தின் பெயர், அளவு, நேரம். கையெழுத்து மட்டும் பாக்கி. சிஸ்டர் மருந்துப் புட்டியை எடுத்துக் கலக்கத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில் கட்டிலின் நனைந்த விரிப்பை மாற்ற இன்னொரு பணியாளர் தலையணையைத் தூக்கினார். அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. தினசரிக் காலண்டரின் தாளில் மடித்தது. மடிப்பில் ராகு காலம், எமகண்டம் தெரிந்தன. அதோடு தேன் ஒட்டிய ஒரு கரண்டி.

சிஸ்டர் அதைப் பிரித்தார். இரண்டு முழு மாத்திரை, ஒரு அரை, கொஞ்சம் வெள்ளைத் தூள்.

“என்னம்மா இது? எங்கன இருந்து வந்துச்சு?”

தாய் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“வாயத் தொறந்து சொல்லு. பிள்ள கெடக்கிற கெடையப் பாத்தியா?”

“அது சாரோட மாத்திரதான்” என்றார் தாய்.

“என்னுடையதா?” என்றேன்.

“நீங்க எழுதினதுதான் சார். வேன்ல இருக்குமே, அந்தச் சீட்டு.”

அதன் பிறகு அவர் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மூத்த மகன் நிமோனியாவிலிருந்து தேறியபோது, வீட்டில் கொடுக்க நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளின் தகப்பனுக்குச் சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை. ராசியான சீட்டு கிழிந்துவிடக் கூடாதென்று அவர் அதை லேமினேஷன் செய்திருக்கிறார். பிறகு தாயோடு ஆலை வேனில் வரும் ஒரு பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது சீட்டை இரவல் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் குணமாகியிருக்கிறது. அன்றிலிருந்து சீட்டு வீட்டுக்குத் திரும்பவில்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலே, வெயில் மறைப்புப் பலகையின் பின்னால் செருகியே இருக்கிறது. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், சாயங்காலம் வேன் திரும்பும்போது மருந்துக் கடை வாசலில் ஒரு நிமிடம் நிற்கும். யாராவது இறங்கிப் போய்ச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

“அம்புட்டுப் பேருக்கும் கேட்டுருக்கு சார்” என்றார் தாய். “ஒரு பிள்ளைக்குக் கூடக் கேக்காமப் போனதில்ல.”

“எப்போதிலிருந்து கொடுக்கிறீர்கள் இவளுக்கு?”

“சனிக்கிழம ராத்திரில இருந்து. ஞாயித்துக்கிழமயும் குடுத்தேன். இங்க வந்து ஊசி போட்டதும் நிப்பாட்டிட்டேன். நேத்து நீங்க ஊசிய நிப்பாட்டவும், அவுக சாயங்காலம் வாங்கியாந்து குடுத்தாக.”

“திங்கட்கிழமை வந்ததும் கேட்டோமே, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று.”

“வேற டாக்டரு மருந்துன்னா சொல்லியிருப்பேன் சார். இது உங்க மருந்துதான?” அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “நிப்பாட்டச் சொன்னதும் நீங்கதான். குடுக்கச் சொல்லி எழுதினதும் நீங்கதான். நான் எதக் கேக்க?”

சிஸ்டர் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது என்பதை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

பொறுப்பு மருத்துவர் தாழ்ந்த குரலில், “சார், அப்ப அந்தக் கல்ச்சர்...” என்றார். முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை இரத்தம் எடுக்கும்போதே குழந்தையின் உடலில் இரண்டு நாள் மருந்து இருந்தது. கிருமி இருந்தாலும் கல்ச்சர் குப்பியில் வளர்ந்திருக்காது. ‘வளரவில்லை’ என்ற ஒரு சொல்லின் மேல் நின்றுதான் நான் கையெழுத்திட்டேன். அந்தச் சொல்லுக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. அதே சமயம், ஏழு வயது மகனின் எடைக்கு எழுதிய அளவில் மாத்திரையும், இடையில் ஊசியுமாக ஐந்து நாள் சேர்ந்து குடலைக் கலக்கியிருக்கலாம். வயிற்றுப்போக்கும், நீர் வற்றலும், ஓடும் நாடியும், சோர்வும் அதனாலேயே வந்திருக்கலாம். இரண்டும் என் எழுத்திலிருந்து வந்தவை. ஒன்று உண்மையென்றால் குழந்தைக்கு ஊசி வேண்டும். மற்றது உண்மையென்றால் இன்னும் ஒரு துளி கூடக் கூடாது.

நான் குழந்தையைத் தலையிலிருந்து கால் வரை புதிதாகச் சோதித்தேன். அப்போதுதான் வந்த குழந்தையைப் போல. கழுத்து விறைப்பில்லாமல் வளைந்தது. நெஞ்சில் புதன்கிழமை இருந்ததைவிடக் காற்று நன்றாகப் போனது. வயிறு மெத்தென்று இருந்தது. இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. இரத்தத்தை மறுபடி கல்ச்சருக்கு எடுத்தோம். எழுதி வைத்த உத்தரவின் கீழே கையெழுத்திடாமல் மூன்று வரி எழுதினேன். சலைன் வேகமாக இறங்கட்டும். எட்டரை மணிக்குள் நாடி 140க்குக் கீழே வராவிட்டால், அல்லது இரத்த அழுத்தம் குறைந்தால், அல்லது கூப்பிட்டால் கண் திறக்காவிட்டால், அந்த நொடியே ஊசி. கலந்த மருந்தைச் சிஸ்டர் சிரிஞ்சில் ஏற்றி, தட்டில் வைத்து, துணியால் மூடி, கட்டிலின் தலைப்பக்கம் வைத்தார்.

மணி ஆறு ஐம்பது.

பொறுப்பு மருத்துவர் மற்றக் கட்டில்களுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தார். எனக்குப் போக வேறு கட்டில் இல்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கண் முன்னால் தட்டு. கையை நீட்டினால் எட்டும் தூரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை முறை துணியை விலக்கிப் பார்த்தேன் என்று நினைவில்லை. போட்டுவிட்டால் என் பயம் அடங்கிவிடும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குழந்தையின் நோய் அடங்குமா என்பதுதான் தெரியவில்லை. என் தொழில் வாழ்வில் போட்ட ஊசிகளில் எத்தனை இந்தப் பயத்துக்குப் போட்டவை என்று கணக்கிட முயன்று, விட்டுவிட்டேன்.

என் மனைவிக்கு நடுவயதிலிருந்தே சிறுநீர்த் தொற்று வந்துவந்து போகும். நான் அவளை வேறு மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கொடுத்துவிட்டுப் போகும் சாம்பிள்கள் என் மேசையின் இடப்புற இழுப்பறையில் நிறைந்திருக்கும். எரிச்சல் என்று அவள் சொன்னால், அந்த மாதம் புதிதாக வந்தது எதுவோ அதை எடுத்துக் கொடுப்பேன். இரண்டு நாளில் சரியாகும். மீதியை அவள் இழுப்பறையில் போட்டுவிடுவாள். “நீங்க வைத்தியம் பாக்குற ஒரே பெரியவ நாந்தான். அதான் சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் குடுக்கிற மாதிரி குடுக்கீக” என்பாள். பரிசோதனைக்கு ஒரு முறை கூட அனுப்பவில்லை. வீட்டில் மருத்துவன் இருக்கும்போது எதற்கு என்பது எங்கள் இருவரின் எண்ணமும்.

சென்ற ஆண்டு அவளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தபோது மதுரைக்குக் கொண்டு போனோம். நான்காம் நாள் கல்ச்சர் அறிக்கை வந்தது. பதினெட்டு மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே சொல்: எதிர்ப்பு. அந்த மருந்துக்குக் கிருமி சாகாது என்று பொருள். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தபோது, அதை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. அது என் இழுப்பறையின் பட்டியல். ஒன்பதாம் நாள் அவள் இறந்தாள். “அம்மாவுக்கு ஏம்பா எந்த மருந்துமே கேக்கல?” என்று மகள் கேட்டாள். வயது என்று சொன்னேன்.

எட்டு மணிக்கு நாடி 146. எட்டே காலுக்கு 144. சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பின் முடிச்சில் இருக்கன்குடி மாரியம்மனுக்கென்று முடிந்து வைத்த காசு. அதை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார். எட்டு இருபத்தைந்துக்கு நான் துணியை விலக்கிச் சிரிஞ்சைக் கையில் எடுத்தேன். இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“அம்மா” என்றது குழந்தை. பிறகு, இன்னும் தெளிவாக, “தண்ணி.”

மானிட்டரில் 138. நான் சிரிஞ்சைத் தட்டில் வைத்தேன். கை வெகு நேரம் அதை விட்டு வரவில்லை.

பத்து மணிக்கு நாடி 124. பத்தரைக்குச் சிறுநீர் போனாள். ஒரு குழந்தையின் சிறுநீருக்காக நான்கு பேர் அவ்வளவு மகிழ்ந்து எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். நண்பகலில் அவள் எழுந்து உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த லைனைப் பார்த்துச் சிஸ்டரிடம், “இந்தக் கயித்த அவுத்து விடு, வீட்டுக்குப் போகணும்” என்றாள்.

“கயித்த அவுத்தா நீ ஓடிருவியே” என்றார் சிஸ்டர்.

அவள் யோசித்துவிட்டு என்னிடம் திரும்பினாள். “தாத்தா, சேவு வச்சிருக்கீகளா?”

“ஏட்டி, வகுறு போயிக்கிட்டுக் கெடக்கு, சேவு கேக்கா பாரு!” என்று தாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வயிறு சரியானதும் சாத்தூர்ச் சேவு வாங்கித் தருகிறேன் என்று குழந்தையிடம் சொன்னேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை.

கலந்த மருந்தைச் சிஸ்டர் குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கொட்டினார். காய்ச்சல் அன்று மாலையும் வந்தது, 101. மறுநாள் 100. சனிக்கிழமை வரவில்லை. நான் செய்தது சரியென்று இது காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தை பிழைத்தாள் என்பதைத்தான் காட்டுகிறது.

வியாழன் பிற்பகல் தகப்பன் வந்தார். மெல்லிய மனிதர், நகக்கண்களில் நீலமும் ரோஸும் மை. சீட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

என் கையெழுத்துதான். கிளினிக்கின் பெயர், மருந்து, ஒரு நாளைக்கு இரண்டு, ஏழு நாள். மேலே ‘ஆண் குழந்தை, 7 வயது, 20 கிலோ’ என்று தெளிவாக இருந்தது. பிளாஸ்டிக்குக்குள் தாள் மஞ்சளேறவில்லை, மை மங்கவில்லை. நேற்று எழுதியது போல இருந்தது. பின்புறம், காலண்டர் வெட்டில் மிஞ்சிய அம்மன் படத்தைச் சேர்த்து ஒட்டியிருந்தார். மூலையில் துளையிட்டு ஒரு நூல்.

“இதை நான் வைத்துக்கொள்ளலாமா?”

“எடுத்துக்கோங்க சார். உங்களதுதான.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா இன்னும் மூணு வேன்ல இருக்கு. பக்கத்துக் கம்பெனிக்காரக கேட்டாக. ஜெராக்ஸ் எடுத்து, நாந்தான் லேமினேஷன் போட்டுக் குடுத்தேன்.”

மூன்று வேன். ஒரு வேனுக்கு இருபது பேரென்றாலும், அவர்களின் வீடுகளும் பிள்ளைகளும் எத்தனை. இதுவரை எத்தனை காய்ச்சல். நான் கிளினிக்கை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலெல்லாம் அது ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வேன்களில் திறந்தே இருந்திருக்கிறது. காலையில் சிரிஞ்சை எடுத்தபோது வந்த பயம் ஒரு குழந்தையைப் பற்றியது. இந்தப் பயத்துக்கு அப்படி ஒரு முகம் இல்லை.

பேனாவை எடுத்து மருந்தின் பெயர் மேல் கோடு இழுத்தேன். மை பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் துளித்துளியாக ஒதுங்கியது. தகப்பன் கட்டைவிரலால் துடைத்தார். எழுத்து முன்பு போலவே தெளிந்தது.

“பேனா பிடிக்காது சார். மார்க்கர் பிடிக்கும். அதுவும் தொடச்சாப் போயிரும்.”

அவருடைய தொழில் அவருக்குத் தெரிந்திருந்தது.

“இதுக்குப் பதிலா வேற ஒண்ணு எழுதித் தாங்க சார்” என்றார் பிறகு. “எந்தக் காய்ச்சலுக்கு வீட்டுலயே இருக்கலாம், எப்ப ஆஸ்பத்திரிக்கு வரணும்னு நீங்க சொல்றத எழுதுங்க. பெரிய எழுத்தா அடிச்சு, நாலு வேனுக்கும் மாட்டிருதேன். சும்மா இருங்கன்னு நாங்க சொன்னா பொம்பளைக கேக்க மாட்டாக. உங்க கையெழுத்து இருந்தாத்தான் கேப்பாக.”

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். நான் பேனாவைத் திறந்தேன். எத்தனையோ ஆயிரம் சீட்டுகளை வேனின் ஹாரன் அடங்குவதற்குள் எழுதியவன். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரு வரியை எழுதி, அதை நான் பார்க்காத ஒரு பிள்ளைக்கு, எனக்குத் தெரியாத ஓர் எடைக்கு, நாளைக்கோ எட்டு வருடம் கழித்தோ யாரோ பயன்படுத்துவார்கள் என்று நினைத்ததும் விரல்கள் நின்றன. மூன்று நாள் பொறுங்கள் என்று எழுதினால், பொறுக்கக் கூடாத பிள்ளையின் தாயும் பொறுப்பாள். உடனே வாருங்கள் என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள், வேன் போய்விடும்.

தகப்பன் நான் தயங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“அவசரமில்ல சார். பாத்து எழுதுங்க. ஒரு தடவ லேமினேஷன் போட்டுட்டா பத்து வருசம் நிக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை குழந்தை வீட்டுக்குப் போனாள். இன்று வரை செய்யாமல் இருப்பவை:

மற்ற மூன்று வேன்களின் சீட்டுகள். ஓட்டுநர்களின் பெயரையும் வேன் நிற்கும் இடங்களையும் தகப்பன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருவரையும் இன்னும் பார்க்கவில்லை.

வேனுக்கான புதிய தாள். நான்கு வரைவுகள் கிழித்தாயிற்று. ஐந்தாவதில், ‘கூப்பிட்டால் கண் திறக்காத பிள்ளையை வேனை நிறுத்தியாவது உடனே கொண்டு வாருங்கள்’ என்ற ஒரு வரி நிற்கிறது.

மஞ்சள் தாளில் நான்காவது கேள்வி: ‘இதற்கு முன் யார் எழுதிய மருந்தாவது, என் மருந்தானாலும், கொடுத்தீர்களா?’ பொறுப்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாத்தூர்ச் சேவு, கால் கிலோ.

மேசையின் இடப்புற இழுப்பறை. திறக்க வேண்டும்.

மகளுக்குத் தொலைபேசி செய்து, வயது அல்ல என்று சொல்ல வேண்டும்.